முப்பத்தெட்டு ஓய்வுபெற்ற அதிபர்கள்

பள்ளிக்கூடத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுப் படத்துக்காகச் சுபாஸ் முப்பத்தொன்பது பேரைப் பேட்டி எடுத்திருந்தான். அதிபர்களாய்ப் பள்ளிக்கூடங்கள் நடத்திய முப்பத்தெட்டுப் பேருக்குப் பட்டம் இருந்தது.

பழைய மாணவர் சங்கத் தலைவர் நவரட்ணம் சேர் தொடக்கத்திலேயே கட்டளையிட்டார். “தம்பி, கொம்பியூட்டருக்குள்ளையும் ஆக்களை மொட்டையாய் எழுதக் கூடாது. பட்டத்தை முன்னுக்குப் போடும்.” சுபாஸ் போட்டான். ‘ஓய்வுபெற்ற அதிபர், அகில இலங்கை சமாதான நீதவான்’ என்று தொடங்கி, மூச்சு வாங்கி, கடைசியில் ஓர் ஆள் வருவார்.

படம் வெட்டி ஒட்ட எட்டு வருடம் ஓடிய கள்ளப்பிரதி மென்பொருள் போன கிழமை திறக்க மறுத்துவிட்டது. சுபாஸ் முறையான புதியதொன்றை ஏற்றி, பதிவுகளை அதற்கு மாற்றினான். அது நீளமான பெயர்களின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டிவிட்டது. திரையில் ‘ஓய்வுபெற்ற அதிபர், அகில இ’ என்று முப்பத்தெட்டு வரிகள். முழுதாகத் தப்பியவர், பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கிய லூர்த்தம்மா மட்டுமே.

காலையில் நவரட்ணம் சேர் தொலைபேசியில் அழைத்தார். “என்ரை பேட்டிதானே முதல் வருது?”

“ஓம் சேர்.”

“சனிக்கிழமை நேரலையாய்ப் போகுதெல்லே. என்ரை மகன் றூபன் கனடாவிலை பாப்பான். வேலை கூட அவனுக்கு. முழுக்கப் பாக்கமாட்டான், முதல் ரெண்டு நிமிசம் பாப்பான். அதுதான் சொல்லுறன்.”

வழமையான பெரியமனிசத்தனம் என்று நினைத்துக்கொண்டு சுபாஸ் அவருடைய பதிவைத் தேடிக்கொண்டே, வெட்டுப்பட்ட பெயர்களையும் திருத்தத் தொடங்கினான்.

எல்லாரும் வெள்ளைச் சட்டை. எல்லாருக்கும் பின்னால் பொன்னாடை போர்த்திய படம். பேட்டியின் தொடக்கத்தில் தன் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்களைத் தெரியாதவர் யார்? முழுப்பெயரைக் கடைசியில்தான் சுபாஸ் கேட்டு வாங்கியிருந்தான். ஆகவே, ஒவ்வொரு பதிவின் கடைசிக்கும் போகவேண்டியிருந்தது.

முதற்பதிவில், பெயர் சொன்ன பிறகும் கமரா ஓடியது. வயர் சுருட்டும் சத்தம். பிறகு, முன்னாள் அதிபரின் குரல்: “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போமன் தம்பி.”

“இல்லை ஐயா, அலுவல் இருக்கு.” அது சுபாஸின் குரல்.

அடுத்தவர்: “பிலாப்பழம் வெட்டிக் கிடக்கு. தின்ன ஆளில்லை.” அலுவல் இருக்கு.

அதற்கடுத்தவர்: “மேல்மாடியைப் பாக்கேல்லையே நீர்? ஆறு அறை.” அலுவல் இருக்கு.

லூர்த்தம்மா மட்டும் பாதியில் எழும்பினார். “காணும் மோனை, மீன்காரன் போயிடுவான்.” உண்மையில் அலுவல் இருந்தது அவருக்குத்தான்.

சுபாஸுக்கு அந்த நாட்களில் என்ன அலுவல்? கோப்பாய்ச் சந்தியில் ஒரு சாப்பாட்டுப் பார்சல் வாங்கி வந்து, தன் ஸ்டூடியோவின் கதவைச் சாத்திவிட்டுத் தின்றிருக்கிறான். தின்றபடி யாருக்கோ நடந்த கலியாண வீட்டு வீடியோவை வெட்டி ஒட்டியிருக்கிறான்.

நவரட்ணம் சேர் இருபத்தேழாவதாக அகப்பட்டார். பட்டங்களைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் பத்து விநாடி. “முடிஞ்சுது சேர்” என்ற பிறகும் அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“இப்ப நான் கதைச்சால் றூபனுக்குக் கேக்குமோ?”

“கேக்கும் சேர்.”

அவர் கமராவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். “தேத்தண்ணி போடட்டே? மனிசி இல்லாட்டியும் நான் நல்லாப் போடுவன்.”

“அலுவல் இருக்கு சேர்.”

சுபாஸ் திரையில் ‘ஓய்வுபெற்ற அதிபர், அகில இ’ என்று நின்ற அந்த வரியை அழித்துவிட்டு ‘நவரட்ணம்’ என்று மட்டும் எழுதினான். பிறகு அவரை அழைத்தான்.

“சேர், உங்கடை பேட்டியிலை ஒரு இடம் குறையாய் நிக்குது. றூபனுக்கு என்னவோ சொல்ல வெளிக்கிட்டீங்கள். இண்டைக்கு வந்து எடுக்கட்டோ?”

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

“பட்டமெல்லாம் திரும்பச் சொல்லவேணுமோ?”

“வேண்டாம் சேர்.”

“அப்ப ரெண்டு நிமிசத்திலை முடிஞ்சிடும்.”

“முடிஞ்சாப் பிறகு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவன்.”

“வீட்டிலை சீனி இல்லையே. எனக்குச் சலரோகம், இனிப்பு ஆகாது, வாங்கிறேல்லை.”

“நான் சந்தியிலை வாங்கிக்கொண்டு வாறன்.”

“கால்கிலோ காணும்,” என்றார் நவரட்ணம் சேர். பிறகு, “இல்லை, ஒரு கிலோவாய்க் கொண்டு வாரும். பழுதாய்ப் போற சாமானில்லைத்தானே.”