மூன்றாம் பாகம் இல்லை

டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்கப் போன இடத்தில்தான் அந்தப் புத்தகம் என் கையில் சிக்கியது. சாமான்களைக் கூடத்து நடுவில் குவிப்பதற்காக அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தேன். தடிப் புத்தகம். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தேன். நூறு வருஷம் பானைக்குள் கிடந்த பூதம் வெளியே வந்ததும், இத்தனை வருஷத்து ஞாயிற்றுக்கிழமை லீவையும் சேர்த்துக் கொடு என்று ராஜாவிடம் மல்லுக்கு நிற்கிறது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்காரர் சேஷன் திரும்பிப் பார்த்தார்.

“உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?”

“எட்டாவது வரைக்கும் படிச்சேன் சார்.”

“என் பசங்களுக்கு ஒரு அட்சரம் தெரியாது. எடுத்துண்டு போய்ப் படிச்சுட்டுக் கொண்டு வா.”

எழுநூறு பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடிசை வாசலில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன். என் பெண்டாட்டி வீராயி, கூட வேலை செய்யும் ஜோதிலிங்கம், பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். சித்தாள் வேலையில் இடுப்பு ஒடிந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சேஷன் முன்னறையில் உட்காரவைத்து, பூதத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் மனைவி ஜலஜா கதவோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். இரண்டாம் பாகத்தோடு கிளம்பினேன்.

அது பாதியில் முடிந்தது. ராஜா, மந்திரி, பூதம் மூவரும் ஏறிய பறக்கும் கட்டிலுக்குக் கடல் நடுவே ஒரு கால் முறிந்துபோகிறது. கட்டில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான்.

மூன்றாம் பாகம் கேட்டுப் போனபோது சேஷன் வாசற்கதவை முழுசாகத் திறக்கவில்லை.

“இல்லப்பா. எழுதறவர் அதோட நிறுத்திட்டார்.”

குடிசையில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

“அச்சா, நடுக்கடல்ல உட்டுட்டுப் பூட்டானா?” என்றான் ஜோதிலிங்கம். “கலியா, நீ பக்கத்தைக் கிழிச்சுப் பீடி சுத்திட்ட.”

மாசக்கணக்கில் இதே கேலி. நானும் அந்தக் கட்டிலை மனசுக்குள் எத்தனையோ விதமாக இறக்கிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலில் கார்த்திகைக் கூட்டம். படியில் எனக்கு முன்னால் சேஷன், ஒரு சிநேகிதரோடு ஏறிக்கொண்டிருந்தார்.

“மகாதேவன், ஆத்துக்கு வந்து மூணாம் பாகத்தை எடுத்துண்டு போங்கோ. நாலு வந்தாச்சு, அஞ்சு எழுதிண்டிருக்காராம். கட்டில் முழுகப் போறது. கனமானதை எல்லாம் தூக்கிப் போட்டாச்சு. பூதம் சொல்றது: ‘கனமானது தீர்ந்தது. இனிமே உபயோகமில்லாததைப் போடணும்.’ எல்லாரும் ராஜாவையே பார்க்கறா!”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க முடியவில்லை. சேஷன் திரும்பினார். முகம் செத்துப்போனது.

“நிறுத்திட்டாருன்னு சொன்னீங்களே சார்?”

மகாதேவன் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சேஷன் என்னை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆத்துல பிடிக்கலைப்பா. நீ முன்னறையில உட்கார்றதை அக்கம்பக்கம் பேசறாளாம். ஞாயித்துக்கிழமை பின்பக்கமா வா. தரேன்.”

போகக் கூடாது என்றுதான் வாரம் முழுக்க நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை போனேன். என் மானத்தைவிட அந்தக் கட்டில் பெரிதாகிவிட்டது.

பின்சந்தில், குப்பை வாளிக்குப் பக்கத்துப் படியில், செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து ஜலஜாவின் குரல் மட்டும் வந்தது.

“எடுத்துண்டு போ. திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.”

சேஷன் உள்ளேதான் இருந்தார். இருமல் கேட்டது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

அன்று மத்தியானம் வாசித்தேன். பூதம் அந்தப் பேச்சைப் பேசிய இடத்தில் ஜோதிலிங்கம் மண்ணில் புரண்டு சிரித்தான். வீராயி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏன்யா, உனக்குச் சிரிப்பு வரல?”

“நான் முன்னாடியே கேட்டுட்டேன்” என்று பக்கத்தைத் திருப்பினேன்.