கடைசி நிமிடத்தில் உயர்ந்த கொடி

யோருன் பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே ஒலிபெருக்கியில் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

"நம்ம ஆர்ன்ஃபின் இன்னிக்கு நம்மள விட்டுப் போயிட்டாரு. எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்."

முதியோர் இல்லத்துக்கும் கால்பந்து மைதானத்துக்கும் நடுவே ஒரு கம்பி வேலிதான். ஜன்னல் திறந்திருந்தது. அக்டோபர் குளிரில் அதைத் திறக்கச் சொன்னவர் அப்பாதான். பருவத்தின் கடைசி ஆட்டம், தோற்றால் ஊர் அணியான ரோஸ்விக் ஐந்தாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும், பார்க்க முடியாவிட்டாலும் சத்தமாவது காதில் விழட்டும் என்றார். நான்காம் டிவிஷன் என்பதே பேருக்குத்தான். உச்சியில் இருக்கும் லீக்குக்கு எண் கிடையாது, அதையும் சேர்த்து எண்ணினால் இவர்கள் கிடப்பது ஐந்தாம் படியில். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது என்பதுதான் ஊரின் கவலை.

அவள் எட்டிப் பார்த்தாள். இரண்டு அணிகளும் நடுவட்டத்தில் தோளோடு தோள் சேர்த்து நின்றன. எல்லோரும் தொப்பியைக் கழற்றியிருந்தார்கள். இதென்ன கூத்து என்று அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முற்றத்துக் கம்பத்தைப் பார்த்தாள். கொடி பாதியில் தொங்கியது. விடியற்காலையில் தாழ்வாரக் கோடி அறையில் இங்கெபோர்க் கிழவி போய்விட்டாள். நர்ஸ் செலாம் அவளுக்காகக் கொடியைப் பாதிக்கு இறக்கியிருந்தாள். வேறு நாளாக இருந்தால் யாருக்கு என்று ஊரே போன் போட்டுக் கேட்டிருக்கும். இந்த வாரம் யாரும் கேட்கவில்லை. ஆர்ன்ஃபின் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

அப்பா கண்ணைத் திறந்திருந்தார். "எனக்கா?"

"ஆமாப்பா. உங்களுக்குத்தான்."

"கூட்டம் இருக்கா?"

"இருக்கு. நல்ல கூட்டம்."

அவர் உதட்டோரம் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்துவிட்டது. இந்த மனுஷனோடு சேர்ந்து சிரித்து எத்தனை காலமாயிற்று!

அவள் கையில் போன் இருந்தது. தம்பி ஸ்வெர்ரே எந்த நேரமும் அழைக்கலாம். அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து அவன் அப்பாவோடு பேசியதில்லை. சாகும் அன்று அம்மா மாக்னி ஃபியோர்டு என்ற கடற்கழிக்கு அக்கரையில், நகரத்து ஆஸ்பத்திரியில், வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்பா வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். காற்று பலமாக அடித்ததால் ஃபெரி படகு ஓடவில்லை என்றார். ஸ்வெர்ரே நம்பவில்லை. தண்ணீர் தட்டு மாதிரி கிடந்தது, நான் கரையில்தான் நின்றேன் என்றான். யோருன் அப்பா பக்கம் நின்றாள். ஃபியோர்டின் வாயில் வேறு காற்று, அது உனக்குத் தெரியாது என்று தம்பியோடு மல்லுக்கு நின்றாள். அவன் வடக்கே ட்ரோம்ஸோவுக்குக் குடிபோனான். கிறிஸ்துமஸுக்குக்கூட வருவதில்லை. போன வாரம்தான் அவள் கெஞ்சிக் கூத்தாடி, அம்மா மேல் ஆணையாக அது காற்றுதான் என்று சத்தியம் செய்து, ஒரே ஒரு தடவை போனில் பேச அவனைச் சம்மதிக்க வைத்திருந்தாள். அவர் கண்மூடுவதற்குள் இருவரும் பேசிவிட வேண்டும். அதற்காகத்தான் அவள் இந்த நாற்காலியை விட்டு நகராமல் இருந்தாள்.

ஒரு நிமிடம் முடிந்தது. ஓட்வார், கிளப் தலைவர், பேச ஆரம்பித்தார். மைக் கிடைத்தால் அவர் லேசில் விடமாட்டார்.

"கோடு போட்டாரு, வலை கட்டினாரு, ஜெர்சி தொவைச்சாரு. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நாம மூணாம் டிவிஷனுக்கு ஏறினோமே, அந்த நாள் ஞாபகம் இருக்கா? கோட்டோரம் கொடி பிடிச்சு லைன்ஸ்மேனா நின்னது நம்ம ஆர்ன்ஃபின். பாதி ஆட்டத்துல ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். நான்தான் எடுத்தேன். மாக்னிக்கு முடியல, உடனே வரச் சொல்லுங்கன்னாங்க. போய்ச் சொன்னேன். மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? 'கொடிய யாருகிட்ட குடுக்கறது? முடிச்சிட்டுப் போறேன்'னாரு!"

கூட்டத்தில் யாரோ "அதான் ஆர்ன்ஃபின்!" என்று கத்தினார்கள்.

"கடைசி நிமிஷத்துல அவனுங்க கோல் போட்டுட்டானுங்க. நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சோம். திரும்பிப் பாத்தா, கொடி மேல! ஆஃப்சைடு, கோல் செல்லாது! இப்படி ஒரு மனுஷன் இனிமே பொறப்பானா?"

கைதட்டல் ஜன்னல் வழியாக வந்து விழுந்தது. சிலர் விசில்கூட அடித்தார்கள்.

பஞ்சு யோருனின் கையிலேயே இருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

செலாம் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தாள். "அய்யோ, என் தப்பு யோருன்! கொடிய பாத்து இவருன்னு நெனச்சுட்டாங்க. இரு, நான் போய்ச் சொல்லிட்டு வரேன்." வெள்ளைக் கோட்டோடு வேலியைச் சுற்றி ஓடினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "ஒரு சின்னத் திருத்தம். ஆர்ன்ஃபின் உயிரோடதான் இருக்காராம். எல்லாருக்கும் மன்னிப்பு கேட்டுக்கறேன், முக்கியமா அவருகிட்ட!" ரோஸ்விக் கோல் அடித்தால்தான் எழும் அந்தக் கத்தல் எழுந்தது. நடுவர் விசில் ஊதினார். ஆட்டம் தொடங்கியது.

அப்போதுதான் போன் அடித்தது.

"அக்கா, இருக்காரா?"

"இருக்காரு."

"என்ன அங்க ஒரே சத்தம்?"

"ஆட்டம் நடக்குதுடா."

அவன் கசப்பாகச் சிரித்தான். "வேற என்ன இருக்கப் போவுது அங்க? சரி, குடு. நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். நீ அம்மா மேல சத்தியம் பண்ணிட்ட. அதுக்கப்புறம் நான் என்ன சொல்ல?"

அவள் வாயைத் திறந்தாள். இப்போது சொல்லிவிடலாம். வேண்டாம்டா, நீ பேச வேண்டாம், நான் பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவன் போனை வைத்துவிடுவான், அப்புறம் எப்போதுமே எடுக்கமாட்டான். அவளுக்கு அவனும் இல்லாமல் போவான். அவள் போனை அப்பாவின் காதருகே வைத்தாள்.

"அப்பா, நான் ஸ்வெர்ரே." அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அந்த ஃபெரி விஷயம்... உங்கள பொய்யன்னு சொன்னேன். அம்மா சவப்பெட்டி பக்கத்துல நின்னு சொன்னேன். தப்புதாம்ப்பா. என்னை மன்னிச்சிடுங்க."

மறுமுனையில் அவன் அழுதான். நாற்பது தாண்டிய ஆம்பிளை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதான். அப்பா சொல்லிவிடுவார் என்று யோருன் எதிர்பார்த்தாள். ஊரே கேட்டுவிட்டது, மகளும் கேட்டுவிட்டாள், இனி எதை மறைக்க? சாகப் போகிறவன்கூட மறைப்பானா?

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பரவால்லடா. விடு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல."

யோருன் போனை எடுத்து, "அப்புறம் கூப்பிடறேன்டா" என்று சொல்லி வைத்தாள். படுக்கையை நெருங்கிக் குனிந்தாள்.

"மனசுல வச்சுக்கலையா? நீங்களா? அப்பா, அன்னிக்குக் காத்து அடிச்சுதா?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அம்மா உங்கள கேட்டுக்கிட்டே இருந்தா. ஃபெரி வருதா பாருடின்னு என்னை ஜன்னலுக்கு ஜன்னல் ஓடவிட்டா. உங்களுக்காக என் தம்பிய தொலைச்சேன். ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவர் உதடு அசைந்தது. அவள் காதைக் கொண்டுபோனாள்.

"ஆஃப்சைடுதான் அது," என்றார் அப்பா. "ரெண்டடி முன்னால நின்னான். சந்தேகமே இல்ல."

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தபோது மூச்சு விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை. செலாம் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கண்களை மூடிவிட்டாள். யோருனுக்கு அழுகை வரவில்லை. வராததற்காகவும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஓட்வார் வந்தார், கையில் காகிதத் தட்டில் வாஃபிள் அப்பத்தோடு. கிளப் சால்வை கழுத்தில் தொங்கியது. "தோத்துட்டோம்மா. அஞ்சாம் டிவிஷன். அவருகிட்ட எப்படிச் சொல்ல..." என்றவர் படுக்கையைப் பார்த்தார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"அடக் கடவுளே." அவர் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். "நான் பேசினது கேட்டுச்சா அவருக்கு?"

"முழுசா கேட்டாரு."

"அந்த மட்டும் சந்தோஷம்மா." அவருக்குக் கண் கலங்கியது. "ஏப்ரல்ல முதல் ஆட்டத்துல முறைப்படி இன்னொரு தடவை ஒரு நிமிஷம்..."

"வேணாம் ஓட்வார். ஒரு தடவை போதும்."

அவர் போன பிறகு அவள் ஸ்வெர்ரேயை அழைத்தாள். சொன்னாள்.

"நான் பேசினதுக்கு அப்புறம் ஏதாவது சொன்னாரா, அக்கா? கடைசியா?"

அவள் ஜன்னலருகே நின்றிருந்தாள். வெளியே மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை.

"அன்னிக்கு காத்து பயங்கரமா இருந்துச்சுன்னு சொன்னாரு," என்றாள்.

கீழே இரண்டு பேர் கோல் வலையை அவிழ்த்து இறக்கினார்கள். இனி பனி உருகிய பிறகுதான் கட்டுவார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, படுக்கை விரிப்பை மடிப்பது போல நடுவில் நெருங்கிவந்து மடித்தார்கள். மடிப்பு கோணியது. பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து மடித்தார்கள்.