பீஸைக் கழற்றியவள்

திண்டிவனம் ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்து முடித்த சூர்யகலாவை மரக்காணத்தில் மோட்டார் கடை வைத்திருந்த ஜெயசீலன் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டாரே தவிர, கடையைவிட்டு வெளியே அனுப்பவில்லை. இரண்டு வருஷமாக மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ்தான். உப்பளத்து வேலை என்றால் கடையின் இன்னொரு ஆள் வெற்றிச்செல்வன் போவான். "அந்த வெயில்ல, சேத்துல நீ எங்கம்மா போவ?" என்பார் ஜெயசீலன். அக்கறையாகத்தான் சொல்வார். அவளும் அடுத்த மிக்ஸியைக் கழற்ற உட்கார்ந்துவிடுவாள்.

சித்திரையில் ஒருநாள் வெற்றிச்செல்வன் கல்யாணத்துக்கென்று பெருமுக்கல் போயிருந்தான். அன்றைக்குப் பார்த்து, கலியமூர்த்தியின் உப்பளத்தில் மோட்டார் நின்று நின்று ஓடுகிறது என்று போன் வந்தது. வேறு வழியில்லாமல் ஜெயசீலன் அவளை அனுப்பினார்.

ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்திவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போனாள். ஸ்டார்ட்டரில் உப்புப் பூத்திருந்தது. மோட்டாரை நிறுத்தி, சுத்தம் செய்து, ஒரு ஒயரை மாற்றியதும் பிசிறில்லாமல் ஓடியது. கிளம்பியிருக்கலாம். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பாஞ்சாலைதான் கரையேறி வந்தாள்.

"ஏம்மா, கரண்டு வேலை பாக்கிறவதானே நீ? மோட்டார் ஓடறப்ப இந்தப் பக்கம் கால வச்சா சுருக்குங்குது. மொதலாளி கிட்ட சொன்னா, உப்புப் புண்ணுடி, வேற ஒண்ணுமில்லங்கிறாரு."

சூர்யகலா மோட்டாரின் உடம்பில் டெஸ்டரை வைத்தாள். அதன் விளக்கு எரிந்தது. கீழே குனிந்து, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியைத் தேடினாள். உப்பு அரித்துப் பாதியிலேயே அறுந்துகிடந்தது. பாத்தியோரம் போன கேபிளில், டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்று உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

மெயினை இறக்கி, யாரும் மறுபடி மோட்டாரைப் போட முடியாதபடி மூன்று பீஸ்களையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கலியமூர்த்தி கொட்டகைக்கு ஓடி வந்தார். "நல்லா ஓடிட்டிருந்தத எதுக்கு நிறுத்தினே?"

"பாடியில கரண்டு வருதுங்க. எர்த்தே இல்ல. கேபிளை மாத்தாம போடக்கூடாது."

"வெயில் காயுது, பாத்தியெல்லாம் தண்ணி கேக்குது. இன்னிக்கு ஓடட்டும். நாளைக்கு வெற்றி வந்து பாத்துக்குவான்."

"இன்னிக்குத்தாங்க இவங்க தண்ணியில நிக்கிறாங்க."

அவர் ஜெயசீலனுக்குப் போன் போட்டுக் கத்தினார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"போட்டுக் குடுத்துட்டு வந்துடும்மா. பழைய கஸ்டமரு" என்றார் ஜெயசீலன்.

"என்னால முடியாதுங்கண்ணா. நீங்களே வந்து போடுங்க. பீஸ் என் பையிலதான் இருக்குது."

வேலை போய்விடும் என்றே நினைத்தாள். வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்தபடி கொட்டகை நிழலில் உட்கார்ந்தாள். பாஞ்சாலை தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினாள்.

ஜெயசீலன் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்தார். கோபத்தோடுதான் வந்தார். அறுந்த கம்பியைப் பார்த்தார். ஜாயிண்டைக் குச்சியால் தூக்கினார், டேப் அப்படியே உரிந்து விழுந்தது.

"வெற்றி போன மாசம் சுத்தின டேப்பு இது" என்றார் மெதுவாக. பிறகு கலியமூர்த்தியிடம் திரும்பி, "புது கேபிள் இழுத்து, எர்த் போட்டுத்தான் குடுப்பேங்க" என்றார்.

மறுநாள் மாலைவரை இருவருமாக அந்த வேலையைச் செய்தார்கள். எர்த்துக்குக் குழி வெட்டினார்கள், கேபிளைப் பாத்தி பக்கம் விடாமல் கம்பங்களில் உயரத் தூக்கிக் கட்டினார்கள். கசிவு வந்தால் தானே கரண்டை அறுக்கும் பிரேக்கர் ஒன்றையும் மாட்டினார்கள். மோட்டார் ஓடும்போது பாஞ்சாலை முதலில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் இறங்கி வாரத் தொடங்கினாள்.

கலியமூர்த்தி அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. ஜெயசீலன் அதை அவ்வப்போது சொல்லிக்காட்டவும் செய்தார். ஆனால் வைகாசியில் பக்கத்து உப்பளத்து அரசப்பன் கடையேறி வந்து, "அன்னிக்கு மோட்டார நிறுத்தின பொண்ண அனுப்புங்க. எங்களதையும் ஒருவாட்டி பாக்கட்டும்" என்றார்.

ஜெயசீலன் உள்ளே திரும்பி, "போறியாம்மா?" என்றார். இரண்டு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை.

அவள் போனாள். ஆடி பிறப்பதற்குள் இன்னும் சில உப்பளங்களுக்கும், பிரம்மதேசத்தில் கழனிகளுக்கும் போய்வந்தாள். ஒயர்மேன் பரீட்சைக்கும் பதிந்துகொண்டாள். முகம் நன்றாகக் கறுத்துவிட்டது என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டாள். அவளுக்கென்னவோ ராத்திரி படுத்ததும் நல்ல தூக்கம் வந்தது.