முப்பத்தொன்றாம் தேதி முத்திரை

அஞ்சலகத்தின் கவுண்ட்டரை நண்பகலில் மூடிவிடுவார்கள். வரிசையில் முன்னால் ஒரே ஒரு கிழவர், தபால்தலைகளைப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். வெண்டல் கோட்டுக்குள்ளிருந்து வெள்ளை உறையை எடுத்து, ஒட்டிய இடத்தை மறுபடியும் கட்டைவிரலால் அழுத்தினான். அவன் மனைவி லோர்னா கண்ணாடிக் கதவு வழியே வெளியே நின்ற தங்கள் பிக்கப் வண்டியைப் பார்த்தாள். பின்னால் இழுவைக் கொக்கியின் மேல் பனி குவிந்திருந்தது. அதில் மாட்டி ஏரிக்கு இழுத்துப் போகும் படகை நவம்பரில் விற்றாகிவிட்டது. அந்தப் பணம்தான் இப்போது காசோலையாக உறைக்குள் இருந்தது.

மகள் பிரீட்டா தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே ஆண்டின் கடைசி நாள் இப்படித்தான். அவளுடைய கல்லூரிச் சேமிப்புக் கணக்கில் போடும் தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், மாநில வரி குறையும். ஆனால் உறையில் இந்த ஆண்டின் தேதி விழுந்திருக்க வேண்டும். கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் முடிகிற வேலை. வெண்டலுக்கு அது போதாது. முத்திரை விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு எதிர் உணவகத்தில் மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டியும் சாப்பிட வேண்டும். நெப்ராஸ்காவில் இரண்டும் ஒரே தட்டில்தான் வரும்.

"என்ன வெண்டல், கவர்னர்கிட்ட இருந்து இந்த வருசம் எவ்வளவு புடுங்கறே?" பின்னால் நின்ற விதைக்கடை ஹார்லன் கேட்டார்.

"புடுங்கறது என்னய்யா! என் காசை எம் பொண்ணுக்குக் குடுக்கறேன், அதுக்கு எனக்கு வரி கொறையுது. இப்படி ஒரு ஏற்பாடு உன் கடையில உண்டா?"

"அதுக்காகப் படகையா விப்பாங்க?"

"மீன் எங்கயும் போயிடாது. பொண்ணு படிக்கறது இப்பத்தானே."

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாளன்று, லோர்னா வான்கோழி வறுத்த தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரீட்டா பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "அம்மா, நான் கிளாஸுக்கே போறதில்ல. அக்டோபர்லயே நிறுத்திட்டேன். அவ்வளவு பெரிய ஹால்ல உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுதும்மா." லிங்கன் நகரில் ஒரு நாய்க் காப்பகத்தில் வேலை பார்க்கிறாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் தெளிந்திருந்தது. "அப்பாகிட்ட நானே சொல்றேன். நீ சொல்லிடாத. சத்தியம் பண்ணு." லோர்னா சோப்பு நுரைக் கையோடு சத்தியம் செய்தாள். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. இன்று காலை பிரீட்டா அப்பாவின் கன்னத்தில் முத்தமிட்டு, விடுதிக்குத் திரும்புகிறேன் என்றாள். லோர்னா அவள் கண்ணையே பார்த்தாள். பிரீட்டா குனிந்து கார்க் கண்ணாடியின் பனிக்கட்டியைச் சுரண்டத் தொடங்கினாள்.

ஒருமுறை அந்தக் கணக்குக்குள் போன பணத்தைப் படிப்புக்கு இல்லாமல் வெளியே எடுத்தால், அது ஈட்டிய லாபத்துக்கு வரியும் அபராதமும் உண்டு. குறைத்துக் கொடுத்த வரியையும் மாநிலம் திரும்பக் கேட்கும். இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே வெண்டல்தான். பழைய பணம் போகட்டும். இந்தப் படகுப் பணமாவது கணக்குக்கு வெளியே நிற்கட்டும் என்று நினைத்தாள்.

"வெண்டல், இந்த வருசம் கொஞ்சமாப் போட்டாப் போதாதா?"

"செக் எழுதியாச்சே."

"வேற எழுதலாமில்ல."

"உனக்கு என்ன ஆச்சு? முகமே வெளுத்துக் கெடக்கு. குளிருதா?"

கிழவர் நகர்ந்தார். கவுண்ட்டருக்குப் பின்னால் கோனி சிரித்தாள். "நீ வந்தாத்தான் எனக்கு வருசம் முடியுது வெண்டல். பொண்ணு எப்படிப் படிக்கறா?"

"கால்நடை டாக்டருக்குப் படிக்கறா. உன் கெழட்டுப் பூனைதான் அவளுக்கு மொத நோயாளி. அதுவரைக்கும் அதை உசுரோட வெச்சிரு."

கோனி முத்திரையை மைப்பட்டையில் ஒற்றி உயர்த்தினாள். வெண்டல் குழந்தையைப் போல முன்னால் சாய்ந்தான். லோர்னாவுக்குத் தன் கை எப்போது நீண்டது என்று தெரியவில்லை. முத்திரை அவள் புறங்கையில் விழுந்தது.

"ஐயோ லோர்னா! வலிக்குதா?"

"அவ அங்க படிக்கல," என்றாள் லோர்னா. உறையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "அக்டோபர்லயே விட்டுட்டா. எனக்கு நவம்பர்லயே தெரியும்."

ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். வெண்டல் அவள் கைக்கடியிலிருந்து உறையை மெதுவாக இழுத்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

பிக்கப்புக்குள் மூச்சு ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தது. அவன் வண்டியைக் கிளப்பவில்லை.

"படகு விக்கறதுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்ல. வித்து ஒரு வாரம் கழிச்சு."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவகிட்டப் பாடத்தைப் பத்தியெல்லாம் கேட்டேன். நீயும் பக்கத்துலதான் இருந்தே."

"சத்தியம் வாங்கிட்டா வெண்டல்."

அவன் அவள் கையைத் தன் பக்கம் இழுத்தான். கட்டைவிரலை எச்சிலில் நனைத்து, அந்த வட்டத்தைத் தேய்த்தான். அழுத்தித் தேய்த்தான், அவளுக்கு வலித்தது. மை பரவியது. தேதி மட்டும் அப்படியே இருந்தது.

"நாயெல்லாம் பாத்துக்கறாளா?" என்றான், கையை விடாமல்.

"ம்."

உறை அவன் மடியில் கிடந்தது. எதிரே அஞ்சலகக் கதவின் கண்ணாடிக்குப் பின்னால் கோனி ஒரு கையில் சாவியோடும் மறு கையில் முத்திரையோடும் நின்று, பூட்டாமல், அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.