மஞ்சள் ஏறிய கால் ஏக்கர்

செல்லாயியின் பயத்தங்காய்ச் செடிகள் மஞ்சளடித்துக்கொண்டிருந்தன. இன்னும் எட்டு நாளில் நிலத்தைப் பார்வையிட பெகாவாய், அதாவது அரசாங்க அதிகாரி, வருகிறார். பயிர் தழைத்து நின்றால் இந்தக் குத்தகை நிலம் இன்னும் மூன்று வருடத்துக்குக் கையில் இருக்கும். வாடிக் கிடந்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். ரப்பர்த் தோட்டம் கைமாறி, வேலையும் வீடும் போன பிறகு, அவளுக்கும் புருஷன் இராமசாமிக்கும் மிஞ்சியது இந்தக் கால் ஏக்கர்தான்.

"யூரியா பத்தலலா" என்றான் இராமசாமி. தோட்டத்தில் இருபது வருடம் உரம் போட்ட மனுஷன். மஞ்சள் என்றால் யூரியா, அவனிடம் வேறு பேச்சே கிடையாது. ஏற்கெனவே இரண்டு தடவை அள்ளிப் போட்டிருந்தான். கொடி மளமளவென்று நீண்டது, மஞ்சளும் கூடவே மேலே ஏறியது.

செல்லாயிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் நாலைந்து இலையைப் பையில் போட்டுக்கொண்டு சுங்கை சிப்புட்டில் ஈப்போ பஸ் ஏறினாள். உரக்கடை மகேந்திரன் ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நரம்பு பச்சையா இருக்கு, நடுவுலதான் மஞ்சள். அடி இலையிலதானே ஆரம்பிச்சுச்சு?"

"ஆமாய்யா."

"மெக்னீசியம் பத்தலக்கா. இதுக்கு யூரியா எதுக்கு? பயத்தஞ்செடி வேர்ல முடிச்சு இருக்குல்ல, யூரியாவுல இருக்கிற சத்தை அதுவே தேடிக்கும். இந்த மெக்னீசிய உப்பைத் தண்ணில கலந்து இலை மேல அடிங்க, நல்லா நனையணும். பூ இருக்கா?"

"நெறைய இருக்கு."

"அப்ப பொழைச்சுக்கும்லா."

திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

அவள் வந்து சேர்ந்தபோது இராமசாமி வரப்பில் நின்று சிரித்தான். துரை சுற்றிப் பார்க்க வருகிறார் என்றால் பழுத்தது, காய்ந்தது எல்லாவற்றையும் பிடுங்கிச் சுத்தம் செய்வது தோட்டத்து வழக்கம். தோட்டம் போயும் அந்தப் புத்தி அவனை விட்டுப் போகவில்லை.

"பாத்தியா, ஒரு மஞ்சள் இல்ல! காலையிலருந்து ஒத்த ஆளா கிள்ளினேன். பெகாவாய் வர்றதுக்குள்ள புதுசா துளிர்த்துரும்."

வரிசை வரிசையாக வெறும் கொடி. நுனியில் மட்டும் இரண்டொரு தளிர். இலையோடு பூவும் வந்துவிட்டிருந்தது. காலடிக் குவியலில் ஊதா ஊதாவாகக் கிடந்தது.

செல்லாயி உப்புப் பொட்டலத்தை அவனிடம் நீட்டினாள்.

"இலை மேல அடிக்கச் சொன்னாங்க" என்றாள். "எந்த இலை மேலங்க அடிப்பேன்?"