கைரியாவின் கை

படக் கொட்டகையில் இடைவேளை விட்டதும் கைரியா பெண்கள் பக்கத்து வாசலால் வெளியே வந்து, தன் கணவன் ஹலீம் செய்து மாட்டியிருந்த ஒலிபெருக்கியைப் பற்றி உள்ளதைச் சொன்னாள்.

"சத்தம் வருது. பேச்சு வெளங்குதில்ல."

ஹலீம் தான் செய்ததை மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்தான். தடித்த சத்தத்துக்கு ஒரு பெரிய பெட்டி, மெல்லிய சத்தத்துக்கு ஒரு தகரக் குழல், இரண்டுக்கும் ஒலியைப் பங்கு பிரித்துக் கொடுக்க அவனே கம்பி சுற்றிய ஒரு சின்னப் பெட்டி. காலையில் வெறும் கொட்டகையில் கேட்டுவிட்டு வாயெல்லாம் பல்லாகப் போன முதலாளி ராஜலிங்கம், இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"பொம்பளைங்களுக்கு வெளங்கலன்னா நாளைக்கே பழசத்தான் மாட்டணும், தம்பி."

பழையதை மாட்டினால் ஹலீம் கலகெதரவில் மாமனாரின் துணிக்கடையில் முழம் போட வேண்டியதுதான். அந்த மனிதர் அதற்காகவே அவன் உட்கார ஒரு கதிரையைத் துடைத்து வைத்திருக்கிறார்.

காலையில் மறைப்பு போட்டிருந்ததா என்று கைரியா கேட்டாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் அந்தக் கனத்த துணியை, கொட்டகையைக் கூட்டிப் பெருக்குவதற்காகக் காலையில் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி நின்றதோ ஆண்கள் பக்கத்து மூலையில். குழலின் சத்தமெல்லாம் இப்போது துணியிலேயே அமுங்கிவிட, பெரிய பெட்டியின் உறுமல் மட்டும் அந்தப் பக்கம் போகிறது. மறைப்பைக் கழற்றினால் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள், கைரியாவும்தான்.

"நான் உங்கட பக்கத்துக்கு வந்து கேக்க ஏலாதே, புள்ள."

"என்ட காது இரிக்குதானே. கைய உசத்தினா குழலக் கூட்டுங்க. எறக்கினா நிப்பாட்டுங்க."

விளக்கு அணைந்தது. ஹலீம் குழலின் வாயை மறைப்புக்கு மேலாகத் திருப்பிவிட்டு, சின்னப் பெட்டியருகே குந்தினான். படத்தின் வெளிச்சத்தில் வளையல் போட்ட ஒரு கை துணிக்கு மேலே எழுந்தது. சின்னப் பெட்டியின் குமிழைத் திருப்பி, பெரிய பெட்டியின் பங்கைக் குறைத்துக் குழலைக் கூட்டினான். கை இறங்கவில்லை. இன்னும் கூட்டினான். முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்தினார். குழலைச் சற்று நிமிர்த்தி வைத்ததும் அவர் கையை எடுத்துவிட்டார், ஆனால் கைரியாவின் கை அப்படியே நின்றது. அல்லாஹ்வே என்று குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பினான்.

படத்தில் ஒருவன் தன் மாமியாரைப் பற்றி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான்.

சிரிப்பு முதலில் மறைப்புக்கு அந்தப் பக்கம்தான் வெடித்தது. ஆண்கள் பிறகுதான் சேர்ந்துகொண்டார்கள். ஹலீமும் சிரித்துவிட்டான். குமிழை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

மேலே கையைக் காணவில்லை. மறைப்பு மட்டும் பெண்களின் சிரிப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குலுங்கிக்கொண்டிருந்தது.