கவரிங் என்று சொன்னவள்

காலை ஆறு மணிக்கு முதல் சட்டத்தை நிக்கல் தொட்டியில் இறக்கினேன். அதன் கொக்கிகளில் நாற்பது தண்ணீர்க் குழாய்கள், முலாம் பூசுவதற்கு. தூக்கும்போது தோள்மூட்டு இழுக்கும்; பச்சைத் தண்ணீர் வழிந்து கையுறைக்குள் இறங்கும். வெளியே மொன்றியலின் மைனஸ் இருபது, உள்ளே ஆவியில் வேர்த்துக் கொட்டும். ஒன்பது வருஷமாக எனக்கு இப்படித்தான் விடிகிறது.

ஜன்னலோரம் கதிரையில் அமர்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள் றொஷினி. வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெடித்த கையைக் காட்டி, டொக்டரிடம் துண்டுக் கடிதம் வாங்கிவந்து, அந்தக் கதிரையைப் பிடித்துவிட்டாள். என் கையும்தான் வெடித்திருந்தது, விரலிடுக்கெல்லாம் நீர்க்கொப்புளம். வேலை நேரத்தை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து களிம்பு பூசி மறைத்தேன். காட்டியவளுக்குக் கதிரை, மறைத்தவளுக்குத் தொட்டி. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த எரிச்சலில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாயைத் திறந்தேன். அவளுடைய கழுத்தும் கொஞ்சம் சிவந்திருந்தது. அவள் தாலிக்கொடி பவுணில்லை, கவரிங்; அந்தக் கடிசொறிதான் கைக்கும் பரவியிருக்கிறது என்றேன். எனக்கு என்ன தெரியும்? சும்மா சொன்னேன். மேற்பார்வை பார்க்கும் அருமைராசா அண்ணை சோற்றைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு டவுன்டவுனில் தோல் டொக்டர் றொஷினியின் முதுகில் மருந்துத் துண்டுகளை ஒட்டிப் பார்த்தார். நிக்கல் ஒட்டிய இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. வேலையால் வந்த தோல் வருத்தம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் முதலாளி கைக்குப் போன மறுநாளே, இல்-பிசாரில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அவர் காலையிலேயே வந்து எல்லாரையும் கூப்பிட்டார்.

முதலாளி சந்திரமௌலி சென்னையில் படித்த எஞ்சினியர். குரல் உயராது. றொஷினியின் முன்னால் ஒரு தாளை வைத்தார்.

"நீ போடுற கவரிங்னால வந்த அலர்ஜிம்மா இது. சர்மிளாவே சொல்லியிருக்காங்க. ஒன்பது வருஷமா தொட்டியில நிக்கிறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் வரலையே. நகையாலதான்னு கையெழுத்துப் போடு. இல்லன்னா திங்கட்கிழமை வர வேண்டாம்."

றொஷினி என்னைப் பார்த்தாள். "இது பவுண், அக்கா. கழுத்து சிவந்தது கையுறையோட வேர்வை துடைச்சதால. உங்களுக்கு ஆர் சொன்னது?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அந்தக் கதிரை இனி எனக்குத்தான் என்று மனம் துள்ளியது. வெட்கம் கெட்ட மனம். மறுகணம் நான் மறைத்த கையே அவளுக்கு எதிரான சாட்சியாக நிற்பது உறைத்தது. உறையை இழுத்துக் கழற்றினேன். தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.

"நான் சொன்னது பொய், சேர். எரிச்சலில சொன்னனான். நான் மோதிரம்கூடப் போடுறதில்லை. இது எங்க இருந்து வந்தது?"

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"சொன்னா நேரத்தை வெட்டுவீங்கள்."

அடுத்த தொட்டியில் நிற்கும் றொக்சன் தன் உறையைக் கழற்றினான். மணிக்கட்டு முழுக்கச் சொறி. பிறகு ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். கடைசியில் அருமைராசா அண்ணையும் சட்டைக் கையை மடித்தார். ஏழு பேர். முழங்கை வரை வரும் உறை கிடைக்கும்வரை ஒருவரும் தொட்டிக்குப் போவதில்லை என்று அவரே முதலாளியிடம் சொன்னார். சந்திரமௌலி தாளை மடித்துப் பையில் வைத்து, வக்கீலிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். திங்கட்கிழமை என்ன நடக்கும் என்று எவருக்கும் தெரியாது.

றொஷினிக்குப் பிரெஞ்சு வரும். அரசாங்கத் தொழில் அலுவலகத்துக்கான முறைப்பாட்டுப் படிவத்தை விரித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் என்னை மன்னிக்கவில்லை. எனக்கும் அந்தக் கதிரை மேல் ஆசை விடவில்லை.

"உங்கட பேரைத்தான் முதல் எழுதுறன். கையைக் காட்டுங்கோ, எங்கெங்க எண்டு எழுத வேணும்" என்றாள்.

இரண்டு கையையும் மேசையில் விரித்து வைத்தேன். "ஒன்பது வருஷத்தையும் எழுது" என்றேன்.